அழித்த கோடுகளும் வேண்டும்: கலைக் கல்லூரி விண்ணப்பமும் ஏஐ படங்களும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளஸ் டூ முடித்துவிட்டு நுண்கலை, டிசைன் படிப்புகளுக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளிடம் இப்போது அதிகம் அடிபடும் கேள்வி, "போர்ட்ஃபோலியோவில் ஏஐ படம் வைக்கலாமா?" என்பதுதான். போர்ட்ஃபோலியோ என்பது விண்ணப்பத்தோடு காட்டும் படைப்புத் தொகுப்பு; ஏஐ படம் என்பது செயற்கை நுண்ணறிவுச் செயலி உருவாக்கித் தரும் படம். வைக்கலாம் என்று சிலர் தைரியம் சொல்கிறார்கள், வைத்தால் வாழ்க்கையே போச்சு என்று சிலர் பயமுறுத்துகிறார்கள். இரண்டுக்கும் காரணம் சொல்வாரைக் காணோம். ஓவியம் கற்பிப்பவர்கள் என்ற முறையில் இதைக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது. கடிதம் நீளமாகத்தான் இருக்கும்; குறைத்தால் விவரம் போய்விடும்.

போர்ட்ஃபோலியோவை எங்கே, எதற்குக் கேட்கிறார்கள் என்பதில் முதலில் தெளிவு வேண்டும். 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய சென்னை ஓவியப் பள்ளிதான் இன்றைய அரசு கவின் கலைக் கல்லூரி. அங்கே சேர வரும் பிள்ளை, வரைந்து காட்டும் செய்முறைத் தேர்வை எழுதியாக வேண்டும். தாளும் பென்சிலும் கையுமாக உட்கார்ந்திருக்கும் அந்த இடத்தில் எந்தச் செயலியும் துணைக்கு வராது. ஆடை வடிவமைப்புக்கான தேசிய நிறுவனமான நிஃப்ட்டின் இளநிலைச் சேர்க்கையில் 'சிச்சுவேஷன் டெஸ்ட்' உண்டு. கொடுத்த பொருள்களை வைத்து அங்கேயே ஓர் உருவத்தைச் செய்து காட்ட வேண்டும். அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனமான என்.ஐ.டி.யின் இளநிலைச் சேர்க்கைக்கு 'ஸ்டுடியோ டெஸ்ட்', அதுவும் நேரில் செய்து காட்டுவதுதான். இளநிலை டிசைன் படிப்புக்குப் பம்பாய் ஐ.ஐ.டி. நடத்தும் யுசீட் தேர்விலும் இரண்டாம் பகுதியில் கையால் வரைய வேண்டும். முதுநிலை டிசைன் நேர்காணல்களிலும் வெளிநாட்டுக் கல்லூரி விண்ணப்பங்களிலும்தான் போர்ட்ஃபோலியோவுக்குப் பெரிய எடை. அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் ஸ்கூல் ஆஃப் டிசைன் 12 முதல் 20 படைப்புகள் வரை கேட்கிறது. அவற்றை இணையத்தில் கோப்புகளாக ஏற்ற வேண்டும். வரைந்தவரின் கையைப் பார்க்காமல் படத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்கும் இந்த இடத்தில்தான் ஏஐ சிக்கல் முழு அளவில் வருகிறது.

போர்ட்ஃபோலியோவில் தேர்வாளர் எதைத் தேடுகிறார்? பளபளப்பான, முடிந்த படத்தை என்று பெற்றோர் பலரும் நினைக்கிறார்கள். நான்கு வருடம் கல்லூரியில் கற்றுத்தரப் போவதே படத்தை முடிக்கும் வித்தையைத்தான். சேரும்போதே அது கைவந்திருக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. அவர் தேடுவது பார்க்கும் பழக்கத்தை.

ஒரு பித்தளைச் சொம்பை எடுத்துக்கொள்வோம். தரையில் வைத்து, நாற்காலியில் உட்கார்ந்து வரைகிறோம். சொம்பின் வாய் ஒரு நீள்வட்டம். அடிப்பாகமும் நீள்வட்டம்தான். ஆனால் இரண்டும் ஒரே அளவுக்கு விரிந்திருக்காது. கண்மட்டத்துக்குக் கீழே எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவு வட்டமாகத் தெரியும். ஆகவே வாய் ஒடுங்கியும் அடி விரிந்தும் வர வேண்டும். புதிதாக வரைபவர்கள் பெரும்பாலும் அடியை நேர்கோடாகப் போட்டுவிடுவார்கள். சொம்பு தட்டையான தரையில் நிற்கிறது என்று மனசுக்குத் தெரியும். அந்தத் தெரிதல் கண்ணை மறைத்துவிடும். பிறகு ஏதோ சரியில்லை என்று பட்டு, நேர்கோட்டை அழித்து, வளைவாக ஒரு கோடு, அதுவும் போதாமல் இன்னொரு கோடு. அந்த மூன்று கோடுகளும் தாளில் மங்கலாகத் தெரிகிற படம், விவரம் தெரிந்த தேர்வாளருக்கு நிறையச் சொல்லும். இந்தப் பிள்ளை தனக்குத் தெரிந்ததை விட்டுவிட்டுக் கண் கண்டதை நம்பியிருக்கிறது, தன் தவற்றைத் தானே கண்டுபிடித்திருக்கிறது என்று அதற்குப் பொருள். சொம்பின் வயிற்றில் ஜன்னல் வெளிச்சம் வளைந்து விழுவதையும், அதன் பக்கத்திலேயே மிகக் கறுப்பான பகுதி இருப்பதையும், வரைபவரின் சட்டைக் கை அதில் மங்கலாகப் பிரதிபலிப்பதையும் கவனித்துப் போட்டிருந்தால் இன்னும் மேல்.

ஏஐ செயலியிடம் 'பித்தளைச் சொம்பு, பென்சில் ஓவியம்' என்று எழுதினால் அரை நிமிடத்தில் படம் வந்துவிடும். அழகாகவும் இருக்கும். அதில் இல்லாதது அந்த மூன்று கோடுகள்தான். அழித்த தடத்தைக்கூடச் செயலி போலியாகப் போட்டுத் தரும். ஆனால் அது எந்தத் தவற்றைத் திருத்திய தடம் என்று கேட்டால் பிள்ளையிடம் பதில் இருக்காது.

இந்தச் செயலிகள் எப்படி வேலை செய்கின்றன என்பதைப் பிள்ளைகள் சுருக்கமாகவாவது தெரிந்துகொள்வது நல்லது. 2022இல் பொதுமக்கள் கைக்கு வந்த மிட்ஜர்னி, ஸ்டேபிள் டிஃப்யூஷன் போன்றவை கோடிக்கணக்கான படங்களையும் அவற்றோடு இருந்த சொற்களையும் வைத்துப் பயிற்சி பெற்றவை. டிவியில் சிக்னல் போனால் தெரியும் புள்ளிமழை போன்ற ஒரு படத்திலிருந்து தொடங்கி, கேட்ட சொற்களுக்குப் பொருந்தும்படி அந்தப் புள்ளி இரைச்சலைப் படிப்படியாக நீக்கிக்கொண்டே வருவதுதான் அடிப்படை முறை. அவை சொம்பைப் பார்த்ததில்லை. சொம்புப் படங்களின் சராசரித் தோற்றத்தைத்தான் அறிந்திருக்கின்றன. எந்தப் பொருளின் படங்கள் இணையத்தில் ஏராளமோ அதில் அவை கெட்டி. நம் வீட்டுப் பொருள்களில்தான் தடுமாறுகின்றன.

வீணைக்கு 24 மெட்டு, அதாவது தந்தியை விரலால் அழுத்தும் குறுக்குக் கட்டைகள். தந்திகள் ஏழு, வாசிப்பதற்கு நான்கு, பக்கவாட்டில் தாளத்துக்கு மூன்று. ஏஐ வரைந்த வீணையில் மெட்டுகளை எண்ணிப் பார்த்தால் கணக்கு பல சமயம் உதைக்கும். தந்திகள் பாதி வழியில் மறைந்துபோகும். 15க்கு 8 ஊடுபுள்ளிக் கோலம் என்றால் நடுவரிசையில் 15, இரு பக்கமும் 14, 13 என்று குறைந்து 8இல் முடிய வேண்டும். மொத்தம் 169 புள்ளி. சிக்குக் கோலமாக இருந்தால் கோடு புள்ளியைச் சுற்றிக்கொண்டு போய்த் தொடங்கிய இடத்திலேயே வந்து சேர வேண்டும். ஏஐ போடும் கோலம் தூரத்தில் பார்த்தால் மார்கழி வாசலைப் போலவே இருக்கும். கிட்டப்போய்க் கோட்டின் மேல் விரலை ஓட்டினால் நாலாவது வளைவில் கோடு அறுந்துபோகும், இல்லாவிட்டால் இன்னொரு கோட்டுக்குள் கரைந்துபோகும். வாசலில் கோலம் போடும் எந்தப் பெண்ணும் ஒரு பார்வையில் சொல்லிவிடுவார்.

'அம்மியில் அரைக்கும் பாட்டி' என்ற கருப்பொருள் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது, 'காம்போசிஷன்' (உருவங்களைச் சேர்த்து அமைக்கும் படம்) என்றாலே முதலில் அதைத்தான் எடுப்பார்கள். செயலி பல சமயம் அம்மியையும் உரலையும் ஆட்டுக்கல்லையும் குழப்பி ஏதோ ஒரு கல்லைத் தரும். அது சரியாகவே அம்மியைத் தந்துவிட்டது என்று வைத்துக்கொண்டாலும், உடம்பு தவறிவிடும். குழவியின் இரு முனையையும் உள்ளங்கையால் பிடித்து முன்னும் பின்னும் தள்ளும்போது பலம் மணிக்கட்டிலிருந்து வருவதில்லை, தோளிலிருந்து வருகிறது. முதுகு முன்னால் சாயும், குதிகால் அழுந்தும், அரைபட்ட விழுது கல்லின் முன் ஓரத்தில் ஒதுங்கும். பாட்டியின் பக்கத்தில் பத்து நிமிடம் உட்கார்ந்து இருபது சிறு கோட்டுருவம் போட்ட பிள்ளையின் படத்தில் அந்தத் தோள் இருக்கும். ஏஐ படத்தில் அழகான ஒரு கிழவி கல்லைத் தொட்டுக்கொண்டிருப்பார்.

இத்தனையும் எழுதிவிட்டு ஓர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். விரல் எண்ணிக்கை, மெட்டு எண்ணிக்கை, கோணல் எழுத்து என்று பிழையைத் தேடித்தான் ஏஐ படத்தைப் பிடிக்க வேண்டும் என்று யாரும் இருந்துவிடக் கூடாது. செயலிகள் மாதத்துக்கு மாதம் திருந்திக்கொண்டு வருகின்றன. ஏஐ படத்தில் கைக்கு ஆறு விரல் வரும் என்ற கதை பழசாகிவிட்டது. நேர்மையாக வரைந்த பிள்ளையின் படத்திலும் விரல் கோணலாகத்தான் இருக்கும். கைதான் வரைவதற்கு மிகக் கடினமான உறுப்பு. அந்தக் கோணலைக் காட்டி 'ஏஐ' என்று முத்திரை குத்துவது பெரிய அநியாயம். 2024இல் மைல்ஸ் ஆஸ்ட்ரே என்ற புகைப்படக்காரர், தலையை உடலுக்குள் மறைத்துக்கொண்டு நின்ற ஒரு பூநாரையின் உண்மையான புகைப்படத்தை '1839 விருதுகள்' போட்டியின் ஏஐ பிரிவுக்கு அனுப்பினார். தலையில்லாத பறவையைப் போலத் தெரிந்த அந்தப் படத்துக்கு ஏஐ பிரிவில் பரிசும் கிடைத்தது. உண்மையைச் சொன்னதும் தகுதி நீக்கினார்கள். அனுபவமுள்ள நடுவர்களுக்கே இந்த நிலை.

'ஏஐ டிடெக்டர்' என்று இணையத்தில் கிடைப்பவற்றையும் சேர்க்கை முடிவுக்கு ஆதாரமாகக் கொள்ளக் கூடாது. ஒரே படத்தை வேறு அளவில் சுருக்கிச் சேமித்தாலே அவற்றின் பதில் மாறிவிடுவதுண்டு. கோப்புக்குள் படைப்பு விவரம் பதியும் 'கன்டென்ட் கிரெடென்ஷியல்ஸ்' போன்ற முறைகள் வந்திருக்கின்றன. ஆனால் படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினாலே கோப்பின் உள்விவரமெல்லாம் உதிர்ந்துவிடும். ஆகவே படத்தை ஆசிரியருக்கோ கல்லூரிக்கோ வாட்ஸ்அப்பில் அனுப்ப நேர்ந்தால் 'டாக்குமென்ட்' ஆக அனுப்ப வேண்டும். மூலக் கோப்பைப் போனில் அழிக்காமல் வைத்திருப்பதும் அவசியம்.

இனி, எந்த அளவுக்கு ஏஐ பயன்படுத்தலாம் என்ற கேள்வி. முழுப் படத்தையும் செயலியில் எடுத்துத் தன் பெயரைப் போடுவது பொய். விண்ணப்பத்தில் 'இவை என் சொந்தப் படைப்புகள்' என்று கையெழுத்துப் போடுகிறோம். அந்த உறுதிமொழி பொய்யென்று பின்னால் தெரிந்தால் கிடைத்த இடமும் போகும். இதில் விவாதத்துக்கு இடமில்லை. ஆனால் நடைமுறையில் பிள்ளைகள் மாட்டிக்கொள்வது இந்த அப்பட்டமான இடத்தில் இல்லை. 'ரெஃபரன்ஸுக்குத்தானே' என்று தொடங்கும் இடத்தில்தான்.

ஏஐ படத்தை எதிரே வைத்துக்கொண்டு கையால் வரைந்தால் அது சொந்தப் படம் என்று பலர் நம்புகிறார்கள். கோடு சொந்தம், சரி. எந்த உயரத்திலிருந்து பார்ப்பது, வெளிச்சம் எந்தப் பக்கம், யாரை முன்னால் நிறுத்துவது, எதை விட்டுவிடுவது என்ற முடிவுகள்? அவை எல்லாமே செயலி எடுத்தவை. காம்போசிஷனில் மதிப்பெண் விழுவதே அந்த முடிவுகளுக்குத்தான். அதோடு செயலியின் பிழைகளும் கையோடு வந்துவிடும். ஏஐ படங்களில் ஓர் ஆளின் நிழல் இடப்பக்கமும் பக்கத்திலிருக்கும் மரத்தின் நிழல் வலப்பக்கமும் விழுவது சகஜம்; பார்த்து வரையும் பிள்ளை அதையும் அப்படியே போட்டுவிடும். நேர்காணலில் 'சூரியன் எங்கே இருக்கிறது?' என்ற ஒரே கேள்வியில் படம் சரிந்துவிடும். புகைப்படத்தைப் பார்த்து வரைவதிலும் இந்த ஆபத்து உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் தானே எடுத்த புகைப்படம் என்றால் அந்த இடத்தில் தான் நின்றிருக்கிறோம், மீண்டும் போய்ப் பார்க்கலாம். ஏஐ படத்துக்குப் போய்ப் பார்க்க இடமே கிடையாது.

வண்ணத் தேர்வுக்கு ஏஐ உதவினால்? முடித்த கோட்டோவியத்துக்கு நாலு விதமாக நிறம் கொடுத்துப் பார்ப்பதைப் பெரிய குற்றமாகச் சொல்ல முடியாது. ஆனால் கறுப்பு வெள்ளையில் உள்ளங்கை அளவுக் கட்டங்களாக ஆறு போட்டு, வெளிச்சம் இருட்டை முதலில் முடிவு செய்துகொண்டால் நிறம் தானாக வழிக்கு வரும் என்பதே வகுப்பறையில் காணும் உண்மை. ஃபோட்டோஷாப்பில் 'ஜெனரேட்டிவ் ஃபில்' கொண்டு பின்னணியை நிரப்புவது ஏஐதான். 'பின்னணி மட்டும்தானே' என்பது சாக்கு. தாளின் ஓரத்தில் விழுந்த கட்டைவிரலை வெட்டியெடுப்பது ஏஐ அல்ல. சின்னப் படத்தைப் பெரிதாக்கும் 'அப்ஸ்கேல்' இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. அது இல்லாத கோடுகளைச் சேர்த்துவிடும், ஆகவே தவிர்ப்பதே நல்லது. மறுபடி படம் எடுத்தால் வேலை முடிந்தது.

சில டிசைன், அனிமேஷன் துறைகளில் ஏஐயைக் கருவியாகக் கையாண்ட ஒரு வேலையை வைப்பதற்குத் தடை இருக்காது. அப்படி வைப்பதானால் படத்தின் கீழே தெளிவாக எழுத வேண்டும். 'ஏஐ உதவியுடன்' என்ற இரண்டு சொல் போதாது. உதாரணமாக இப்படி எழுதலாம்: "பேருந்து நிலையத்தில் பென்சிலால் வரைந்த 14 கோட்டுருவங்கள் (ஏ4, 2பி பென்சில்). அவற்றில் 3ஐ ஸ்கேன் செய்து மிட்ஜர்னியில் கொடுத்து 9 பின்னணிகள் பெறப்பட்டன. ஒன்றைத் தேர்ந்து, கூரையையும் தூண்களையும் நேரில் பார்த்துத் திருத்தி, போஸ்டர் கலரில் மீண்டும் வரைந்தது. இறுதிப் படத்தில் ஏஐ உருவாக்கிய பகுதி எதுவும் இல்லை." எதைக் கொடுத்தோம், எதைப் பெற்றோம், எதை மாற்றினோம், முடிவில் எது மிஞ்சியது என்று நான்கும் அதில் வந்துவிடுகின்றன. 15 படங்களில் இத்தகையது ஒன்றிருக்கலாம். மூன்று, நான்கு என்று போனால் மற்ற படங்களின் மேலும் சந்தேகம் விழும். பார்த்து வரைந்த படங்கள் இருக்க வேண்டிய இடத்தில் இதைக் கட்டாயம் வைக்கக் கூடாது.

எழுத்திலும் இதே கதை. வெளிநாட்டு விண்ணப்பங்களில் 'ஆர்ட்டிஸ்ட் ஸ்டேட்மென்ட்' என்று ஒரு பக்கம் கேட்பார்கள். தமிழ்வழியில் படித்த பிள்ளைகள் சாட்ஜிபிடியிடம் ஆங்கிலத்தில் எழுதி வாங்கிவிடுகிறார்கள். அவர்கள் சங்கடம் நியாயமானது. ஆனால் வந்து சேரும் பக்கத்தில் இருளும் ஒளியும், அடையாளமும் நினைவும் என்று யாருக்கும் பொருந்தும் பெரிய சொற்கள் நிறைந்திருக்கும். முதலில் தமிழில், பேசுவதுபோல எழுத வேண்டும். 'எங்கள் தெருவில் தச்சுப் பட்டறை இருக்கிறது. இழைப்புளி தள்ளும்போது சுருள் விழுவதை இரண்டு மாதம் வரைந்தேன்' என்று பத்து வாக்கியம் இருந்தால் போதும். அதை மொழிபெயர்க்க மட்டும் செயலியின் உதவியைப் பெற்று, ஆங்கிலத்தில் புரியாத சொல் ஒவ்வொன்றையும் தெரிந்த சொல்லாக மாற்றிவிட வேண்டும். நேர்காணலில் அந்தப் பக்கத்திலிருந்துதான் கேள்வி வரும். அங்கே எழுதியிருக்கும் சொல்லுக்குத் தனக்கே பொருள் தெரியாமல் விழிப்பது பரிதாபமான நிலை. மொழிபெயர்ப்புக்கும் ஏஐ கூடாது என்று விதி வைத்திருக்கும் கல்லூரியாக இருந்தால் ஆங்கில ஆசிரியர் ஒருவரின் துணையை நாடலாம்.

சொந்தமாக வரைந்த படத்தைச் சொந்தப் படம்தான் என்று காட்டும் பொறுப்பு இன்று பிள்ளைகள் தலையில் விழுந்திருக்கிறது. வருத்தமாக இருந்தாலும் அதற்குத் தயாராவது கடினமில்லை. ஒவ்வொரு பெரிய படத்துக்கும் நான்கு கட்டத்தில் போனில் படம் எடுத்து வைக்க வேண்டும்: அளவுக் கோடுகள் போட்டதும், உருவம் அமைந்ததும், நிழல் பாதியில் இருக்கும்போதும், முடிந்ததும். பக்கத்தில் பென்சிலோ தண்ணீர்க் கிண்ணமோ சட்டத்துக்குள் தெரியட்டும். தாளின் பின்பக்கத்தில் தேதியும் எடுத்துக்கொண்ட நேரமும். டேப்லெட்டில் வரைபவர்களுக்கு இன்னும் சுலபம். புரோகிரியேட் செயலி வரைவதைத் தானாகவே வேகப்படமாகப் பதிவு செய்கிறது. போனில் நம் பிள்ளைகள் அதிகம் பயன்படுத்தும் ஐபிஸ்பெயின்ட்டிலும் அந்த வசதி உண்டு. இலவசமாகக் கிடைக்கும் கிரிட்டாவில் 'ரெக்கார்டர்' பகுதியை நாமே இயக்கிவிட வேண்டும், மறந்துவிட்டால் பதிவாகாது. லேயர்களை (ஒன்றன்மேல் ஒன்றாக வரையும் அடுக்குகளை) ஒன்றாகச் சேர்த்துவிடாமல் மூலக் கோப்பைத் தனியே சேமிக்க வேண்டும். இடம் போதவில்லை என்று லேயர் கோப்பை அழித்துவிட்டு ஜேபெக்கை மட்டும் வைத்திருப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு.

எல்லாவற்றையும் விட வலுவான சான்று ஸ்கெட்ச் புத்தகம். பேருந்தில் தூங்குகிறவர், பூக்கட்டும் விரல்கள், கட்டிப்போட்ட மாடு, முடி திருத்தும் கடையின் கண்ணாடி என்று ஐந்து நிமிடக் கோட்டோவியங்கள் நிறைந்த 60 பக்கப் புத்தகத்தைச் செயலியால் செய்து கொடுத்துவிட முடியாது. அதில் பாதி அசிங்கமாகத்தான் இருக்கும், இருக்கட்டும். ஆள் நகர்ந்துவிட்டதால் பாதியில் நின்ற படத்தைக் கிழித்துப் போட வேண்டாம்.

படத்தைப் புகைப்படம் எடுப்பதில் நடக்கும் ஒரு கோளாறால் நேர்மையான பிள்ளைகளும் மாட்டிக்கொள்கிறார்கள். இன்றைய போன் கேமராக்களில் 'சீன் ஆப்டிமைசர்', 'பியூட்டி' போன்றவை தாமாகவே வேலை செய்கின்றன. ஸ்கேன் செயலிகளில் 'மேஜிக் கலர்' வேறு. இவை பென்சில் நிழலைத் துடைத்து, தாளின் சொரசொரப்பை வழித்து, கோட்டைக் கூர்மையாக்கிவிடும். 6பி பென்சிலில் பொறுமையாக ஏற்றிய நடுத்தர நிழலெல்லாம் வெள்ளையாகிப் படம் கணினியில் வந்ததுபோல் தோன்றும். ஆகவே முதல் வேலையாக அவற்றை அணைத்துவிட வேண்டும். வெயில் நேராகப் படாத திண்ணையிலோ வராந்தாவிலோ படத்தைச் சுவரோடு செங்குத்தாக நிறுத்தி, ஒன்றரை மீட்டர் பின்னால் நின்று இரண்டு மடங்கு ஜூமில் எடுக்க வேண்டும். கிட்டப்போய் எடுத்தால் தாளின் ஓரங்கள் வளைந்துவிடும். போனின் நடுப்பகுதி படத்தின் நடுப்பகுதிக்கு நேராக இருந்தால்தான் செவ்வகம் கோணாது. ஓரத்தில் ஒரு வெள்ளைத்தாளை வைத்து எடுத்தால் நிறம் மாறியிருக்கிறதா என்று பிறகு ஒப்பிடலாம். ஏற்றும்முன் அதை வெட்டிவிடலாம். கரித்துண்டு ஓவியமானால், கரி உதிராமல் பிடித்து வைக்கும் ஃபிக்ஸேடிவை ஓரடித் தூரத்திலிருந்து இரண்டு முறை மெல்லிதாக அடித்து, காய்ந்தபின் எடுக்க வேண்டும். நெருங்கி அடித்தால் திட்டுத் திட்டாக நனைந்து நிழல் கறுத்துப் போகும்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பவர்களும் உண்டு. நம் நாட்டின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், கணினி உருவாக்கிய படைப்புக்கு அதை உருவாக்கக் காரணமானவரையே ஆசிரியராகச் சொல்கிறது. இதைக் காட்டி 'பிராம்ப்ட் (செயலிக்குக் கொடுக்கும் கட்டளை) எழுதியது நான், ஆகவே படம் என்னுடையது' என்று வாதிடுகிறார்கள். அமெரிக்காவில், 2022 கொலராடோ மாநிலக் கண்காட்சியில் டிஜிட்டல் பிரிவில் முதல் பரிசு பெற்ற ஜேசன் ஆலனின் மிட்ஜர்னி படத்துக்குப் பதிப்புரிமைப் பதிவு கொடுக்க அந்நாட்டுப் பதிப்புரிமை அலுவலகம் 2023 செப்டம்பரில் மறுத்துவிட்டது. குறைந்தது 624 முறை பிராம்ப்ட் கொடுத்ததாக அவர் சொல்லியும் ஏற்கவில்லை. எந்த நாட்டுச் சட்டமானாலும் அது உடைமையைப் பற்றியது. கல்லூரி கேட்பது உனக்கு வரையத் தெரியுமா என்று. படம் யாருக்குச் சொந்தம் என்று கேட்கவில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பிறர் கையால் முடித்த போர்ட்ஃபோலியோ ஏஐ வருவதற்கு முன்பே இருந்தது. சில பயிற்சி மையங்களில் ஒரே திரைச்சீலை, ஒரே மண்பானை, ஒரே மூன்று ஆரஞ்சுப் பழத்தை நாற்பது பிள்ளைகளும் வரைய, ஆசிரியர் ஒவ்வொரு படத்திலும் கை வைத்து முடித்துக் கொடுப்பார். அதைக் கண்டுகொள்ளாமல் இருந்துவிட்டு ஏஐயை மட்டும் குற்றம் சொல்வது நேர்மையாகாது. இப்போது அதே மையங்களில் சிலவற்றில் 'ஏஐ போர்ட்ஃபோலியோ பேக்கேஜ்' என்று தனிக் கட்டணம் வாங்குகிறார்கள். பெற்றோர் பணம் கட்டுமுன் ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும்: எங்கள் பிள்ளை வரைந்து வீணான தாள்களைக் காட்டுவீர்களா? காட்ட முடியாத இடத்தில் பணத்தைக் கட்ட வேண்டாம்.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் நிலை தனிக் கவலை. ஓவிய ஆசிரியரே இல்லாத பள்ளியில் படித்தவருக்கு யூடியூபும் போனும்தான் குரு. அரசு தொழில்நுட்பத் தேர்வில் ஓவியம் லோயர், ஹையர் என்ற இரு நிலைகளை எழுதிய பிள்ளைகளுக்குக்கூட 'போர்ட்ஃபோலியோ' என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தருவதில்லை. அவர்கள் ஏஐயை நாடுவது ஏமாற்றுவதற்காக இல்லை, வேறு வழி தெரியாததால். மாவட்டத்துக்கு ஓரிடத்தில், விண்ணப்பத்துக்கு இரண்டு மாதம் முன்பாக, ஞாயிறுதோறும் மூன்று மணி நேரம் நேரில் பார்த்து வரையும் பயிற்சி நடந்தால் போதும். கார்ட்ரிட்ஜ் தாள், எச்பி முதல் 6பி வரை பென்சில், அழிப்பான், உட்கார்ந்து காட்ட ஓர் ஆள், இவ்வளவுதான் செலவு.

கல்லூரிகளிடம் கேட்பது பெரிதல்ல. சேர்க்கை அறிவிப்பில் ஏஐ பற்றிச் சில வரிகள் வேண்டும்: எந்தப் பிரிவில் அனுமதி, எதில் இல்லை, பயன்படுத்தியதை எப்படி எழுதிக் காட்ட வேண்டும். 'ஏஐ அனுமதி இல்லை' என்று ஒற்றை வரியில் முடித்துவிட்டால் போன் கேமராவின் திருத்தமும் அதில் சேருமா என்று பிள்ளை குழம்பும். போர்ட்ஃபோலியோ கேட்கும் இடங்களில் முடிந்த படங்களோடு ஸ்கெட்ச் புத்தகத்தின் பத்துப் பக்கங்களையும் கட்டாயமாகக் கேட்கலாம். நேர்காணலில், காணொளியில் நடந்தாலும் சரி, மேசைமேல் இருக்கும் ஒரு பொருளைக் கொடுத்து 15 நிமிடம் வரையச் சொல்லலாம். போர்ட்ஃபோலியோவுக்கும் அந்த 15 நிமிடப் படத்துக்கும் தரத்தில் வித்தியாசம் இருப்பது இயல்பு, பதற்றத்தில் யாருக்கும் கை நடுங்கும். ஆனால் பார்க்கும் முறை ஒன்றாக இருக்கும். சந்தேகம் எழுந்தால் டிடெக்டரின் சதவீதத்தை வைத்து நிராகரிக்காமல், பிள்ளையை அழைத்து மூலக் கோப்பையும் வரையும்போது கட்டம் கட்டமாக எடுத்த படங்களையும் காட்டச் சொல்ல வேண்டும். அதற்கு ஒரு வாரம் அவகாசம் தர வேண்டும். ஊரிலிருக்கும் தாளை எடுத்துவர நேரம் பிடிக்கும்.

விண்ணப்பத்தை ஏற்கெனவே ஏற்றிவிட்டு, அதில் ஓர் ஏஐ படம் இருக்கிறதே என்று பயந்துகொண்டிருக்கும் பிள்ளைகளும் இதைப் படிக்கக்கூடும். கடைசித் தேதி முடியவில்லை என்றால் அந்தப் படத்தை எடுத்துவிட்டு ஸ்கெட்ச் புத்தகத்தின் இரண்டு பக்கங்களை அந்த இடத்தில் வையுங்கள். முடிந்துவிட்டது என்றால் சேர்க்கைப் பிரிவுக்கு மின்னஞ்சலில் எத்தனையாவது படம், அதில் எந்தப் பகுதி ஏஐ என்று நான்கு வரியில் எழுதி அனுப்பிவிடுங்கள். நேர்காணலுக்கு அழைப்பு வருவதற்கு முன்பே அது போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓவிய ஆசிரியர்கள் இருவர்,
கும்பகோணம்.